மேளம் இல்லாமல் போனவன்

“நீ எத்தினி தபா கேட்டாலும் அது நடக்காதும்மா, மேடையில ஏறிப் போயி அத்த...”

“மேடைக்காக நான் கேக்கல மாமா, அவருக்காகத்தான்...”

“யாருக்காகக் கேட்டா இன்னா, பொணம் இல்லாம அந்த சாவு வாசிப்ப எடுத்தா...”

“பொணம் இருந்தப்போ மட்டும் எடுத்தியா?”

சடையப்பன் சாக்சபோனைத் துடைத்துக்கொண்டிருந்த துணி கையோடு நின்றுவிட்டது. காலையிலிருந்து இரண்டு பேரும் ஒருத்தர் பேச்சின்மேல் ஒருத்தர் ஏறி ஏறிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். கேட்டவள் பாஞ்சாலி. செத்துப்போன அப்புவின் பெண்சாதி. கேட்கப்பட்டவர் அப்புவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

உத்திரமேரூர் பக்கத்தில் சடையப்பன் பேண்டு செட்டு என்றால் தெரியாத வீடு கிடையாது. சாக்சபோனுக்குச் சடையப்பன். டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் சித்தப்பா மக்கள் இரண்டு பேர். டிரம்முக்குத் தம்பி அப்பு. கல்யாணமோ, காதுகுத்தோ, சாவோ, எதுவானாலும் இவர்கள்தான். “எல்லாம் ஒரே வூட்டு ஆளுங்க, அதனாலதான் தாளம் பிசகறதில்ல” என்று சடையப்பன் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமைதான் தை மாசத்தில் வந்து கழுத்தைப் பிடித்தது.

அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. வாழ வந்த பெண் செத்தால் புருஷனும் பிள்ளைகளும் மட்டும் ஒதுங்கினால் போதும்; பங்காளி செத்தால் கருமாதி முடிகிறவரை யாருமே வாத்தியத்தைத் தொடக்கூடாது. வேறு செட்டுகளில் ஒருத்தரோ இரண்டு பேரோ ஒதுங்கிக்கொள்வார்கள், மீதிப் பேர் வாசித்துவிடுவார்கள். இங்கே செட்டு முழுக்கப் பங்காளி. அறுப்பு வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்ட அன்றைக்கு வாசிக்க ஒரு கை இல்லை. சேதி கேட்டு வாலாஜாபாத்திலிருந்து ஆனந்தன் தன் டிரம்மோடு வந்தான். பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை, தொழில் பழக்கம். வாசலில் வந்து தோளில் வாரை மாட்டினான்.

“இன்னா பண்ற ஆனந்தா?” என்றார் சடையப்பன்.

“ரெண்டு அடி அடிக்கிறேண்ணே. கூட எங்க செட்டு ஆளுங்களும் வந்துகினு கீறாங்க.”

“என் தம்பி முன்னால இன்னொரு செட்டு நடக்கறதா? வாத்தியத்த எறக்கி வையி. தோள் குடு, அது போதும்.”

ஆனந்தன் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தான். ஊரில் விழுந்த சாவுக்கெல்லாம் முன்னால் நடந்த அப்பு, தான் போகும்போது சத்தமே இல்லாமல் போனான்.

“சரி, நான் பண்ணது தப்புன்னே வச்சிக்கோ,” என்றார் சடையப்பன் இப்போது. குரல் இறங்கியிருந்தது. “இப்ப வாசிச்சா அவன் எழுந்து வந்துடப் போறானா?”

“வரணும்னு கேக்கல மாமா. போயிட்டாரான்னு தெரியணும்.”

“இன்னா பேச்சு இது? நான்தானே குழியில எறங்கி அவன வாங்கினேன்.”

“நீ பாத்த. நான் பாத்தேனா?”

சடையப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நாங்கல்லாம் தெருமுனையோட நின்னுடறோம். அதுக்கப்பால எங்களுக்கு வாத்தியம்தான் கண்ணு. ரேஷன் கடைய தாண்டிட்டாங்க, பம்பு செட்டாண்ட போயிட்டாங்க, ஏரிக்கரை ஏறிட்டாங்கன்னு காதுலயே கூடப் போவோம். மேளம் நின்னா மண்ணு விழுந்திச்சுன்னு அர்த்தம். அப்பத்தான் தலையில தண்ணி ஊத்திக்கினு வூட்டுக்குள்ள போவோம். எங்க மாமியா செத்தப்போ அப்பிடித்தான். உன் பொண்ஜாதி செத்தப்பவும் அப்பிடித்தான், அவரு வாசிச்சாரே, சித்தப்பா மக்கள கூட வச்சிக்கினு, தீட்டுன்னு நீ மட்டும் ஒதுங்கி நின்னியே.”

“அவன் அப்ப கொழுந்தன் மொறன்னு...”

“மொறைய வுடு மாமா. அன்னிக்கு நான் தெருமுனையில நிக்கிறேன். ஒரு சத்தமும் வரல. எங்க போறாங்க, எங்க கீறாங்க, ஒண்ணும் தெரியல. எல்லாரும் தண்ணி ஊத்திக்கினு போயிட்டாங்க. நீங்கல்லாம் முழுகிட்டு ஈரத்தோட திரும்பி வர்றீங்க, நான் அங்கயேதான் நிக்கிறேன். உள்ள வாம்மான்னு நீதான் சொன்ன. உள்ள வந்தேன். ஆனா இன்னும் நிக்கிற மாதிரியே கீது.”

கருமாதி முடிந்து இரண்டு மாசம் ஆகப்போகிறது. அவள் நடவுக்குப் போகிறாள், களையெடுக்கப் போகிறாள், ஆக்கித் தின்கிறாள். ஆனால் மத்தியானம் கை ஓய்ந்தால் காது மட்டும் தானாக ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

“இன்னிக்கு ஸ்கூல் கிரவுண்டுல கலை விழா,” என்றார் சடையப்பன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல். “ஜனங்க புள்ளகுட்டியோட வந்து குந்துவாங்க. அந்த வாசிப்ப சும்மா எடுத்தா ஒரு தலைய கேக்கும்னு எங்கப்பன் சொல்லிட்டுப் போயிருக்கான். நாளைக்கு எவனாவது ஒருத்தன் வூட்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்றியா?”

சடையப்பன் சாக்சபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

போகக்கூடாது என்றுதான் பாஞ்சாலி படுத்திருந்தாள். செங்கேணி வந்து எழுப்பிவிட்டாள். செங்கேணி ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்புக்காரி. நடவில் பாஞ்சாலிக்குப் பக்கத்து வரிசை. அவளும் அவள் கூட்டத்துப் பெண்களும் தங்கள் சாமியான கன்னியம்மா பாட்டுப் பாடி வட்டம் ஆடுவதற்காக விழாவுக்குப் போகிறார்கள்.

“வா யக்கா. வூட்ல குந்திக்கினு செவுத்த பாத்தா செவுரு பேசுமா?”

“தாலி அறுத்தவ வந்து மேடையாண்ட நின்னா நல்லாவா இருக்கும்?”

“நான்கூடத்தான் அறுத்தவ. நான் மேடையிலயே ஆடப் போறேன். எவனாவது எதனா கேட்டான்னா எங்கிட்ட அனுப்பு.”

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விழாக் கமிட்டித் தலைவர் வேதாசலம் முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பெரிய பண்ணை. அவர் அம்மா போனபோது அப்பு மூன்று மணி நேரம் கை ஓயாமல் அடித்தான், அன்றிரவு விரலெல்லாம் வீங்கிப் பாஞ்சாலி எண்ணெய் தடவிவிட்டாள். வேதாசலம் அவளைப் பார்த்ததும் தலையசைத்தார். இவளும் கும்பிட்டாள்.

முதலில் சாலவாக்கம் ஜெப வீட்டுப் பாட்டுக் குழு ஏறியது. வினோத்குமார் கீபோர்டு. முப்பது வயசு இருக்கும், டூவீலர் மெக்கானிக். சுற்றிலும் ஆறேழு பேர் கை தட்டிக்கொண்டு பாடினார்கள். ஒருத்தர் ஒரு வரியை விட, மற்றவர்கள் அதைப் பிடித்து மேலே தூக்க, அவர் இன்னும் ஒரு படி ஏற்ற, இப்படியே போனது. செங்கேணி காலால் தாளம் போட்டாள்.

“சாமி வேற, ஆனா பாட்டு கூப்புடுது இல்ல?”

முன்னால் நின்று பாடிய வயசான ஆளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவும் இல்லை, பாட்டை விடவும் இல்லை.

குழு இறங்கியது. வினோத்குமார் மட்டும் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். அடுத்து சடையப்பன் செட்டுக்கும் அவன்தான் கீபோர்டு. மேடைக்குப் பின்னால் சடையப்பன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாக்சபோன் முனையில் மாட்டுகிற நாணல் துண்டை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆனந்தன். அப்புவின் இடத்துக்கு இன்றைக்கு அவனைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். பாஞ்சாலி செங்கேணியின் கூடையை வைக்கப் போனவள், வினோத்குமாரைப் பார்த்து நின்றாள்.

“தம்பி, முன்னால நின்னாரே ஒரு பெரியவரு. ஏன் அழுதாரு?”

“எங்கப்பாக்கா. எங்கம்மா போயி இன்னும் ஒரு மாசம் ஆகல.”

“ஐயோ. அதுக்குள்ள பாட வந்துட்டீங்களா?”

“அன்னிக்கே பாடினோம்க்கா. எடுக்கும்போது, போற வழியெல்லாம், மண்ணு தள்றவரைக்கும். எங்கப்பாதான் மொதல் பாட்டு எடுத்தாரு.”

“சொந்தக்காரங்க பாடக் கூடாதுன்னு இல்லியா?”

வினோத்குமாருக்குக் கேள்வி புரியவில்லை. பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னான். “சொந்தக்காரங்க பாடலன்னா வேற யாருக்கா பாடுவாங்க?”

பாஞ்சாலி சடையப்பனைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்த நாணலைக் கையில் எடுத்ததும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

“அவங்க வழி வேற, நம்ம வழி வேற,” என்றார் யாரிடமோ சொல்வதுபோல.

“நான் ஒண்ணும் சொல்லலியே மாமா,” என்றாள் பாஞ்சாலி.

ஆனந்தன் குனிந்து டிரம்மின் திருகை முறுக்கினான். முறுக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

*

“அடுத்ததாக, ஜாஸ்,” என்று ஜெயப்பிரியா டீச்சர் மைக்கில் சொன்னாள். விழாவை நடத்துகிறவள் அவள்தான். மூன்று வருசத்துக்கு முன்னால் இவர்கள் ஒரு கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டை இஷ்டத்துக்கு வளைத்து வளைத்து வாசித்ததைக் கேட்டுவிட்டு, “இதுக்குப் பேரு இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?” என்று போனில் நாலைந்து வெளிநாட்டு வாசிப்புகளைப் போட்டுக் காட்டினாள். சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இவங்களும் பொணத்துக்கு வாசிக்கிறவங்கதான் போல கீது” என்றார் கடைசியில். அதிலிருந்து வருசா வருசம் விழாவில் இது உண்டு.

அப்புவுக்கு இதில் தனிப் பிரியம். கல்யாணத்தில் டிரம்முக்காரனைத் தனியாக யாரும் கேட்பதில்லை. இதில் ஆளுக்கு ஒரு முறை உண்டு. மற்றவர்கள் நிறுத்திக்கொண்டு அவன் கையைப் பார்ப்பார்கள். முதல் வருசம் வீட்டுக்கு வந்து, “என்னத் தனியா வுட்டாங்கடி இன்னிக்கு” என்று சோற்றில் கை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசிப்பு ஆரம்பித்தது. சாக்சபோன் ஒரு மெட்டைப் போட்டது. டிரம்பெட் அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போனது. திரும்பி வந்தது. கிளாரினெட் போனது.

“இன்னா யக்கா இது,” என்றாள் செங்கேணி. “ஆளுக்கொரு பக்கமா மேயப் போறாங்க, அப்பால தானா பட்டிக்கு வர்றாங்க. எங்க வூட்டு ஆடுங்க மாதிரி.”

கீபோர்டு போய் வந்தது. பிள்ளைகள் முன்னால் ஆடின. அடுத்தது டிரம். எல்லாரும் நிறுத்தினார்கள். ஆனந்தன் குச்சிகளைத் தூக்கியவன், அடிக்காமல் சடையப்பனைப் பார்த்தான். சடையப்பன் வேண்டாம் என்று கையைக் காட்டியிருக்க வேண்டும். குச்சி இறங்கி மடியில் உட்கார்ந்தது.

அந்த வெறும் இடத்தில் சாக்சபோன் ஒரு சுரத்தைத் தாழ்வாகப் பிடித்து இழுத்தது.

பாஞ்சாலிக்கு முதுகில் சில்லென்று ஏறியது. வாசலில் பாடையைத் தூக்குவதற்கு முன்னால் ஊதுவது அது. நடை இல்லாத வாசிப்பு. வீட்டை ஒருமுறை பார்த்துக்கொள் என்று போகிறவனுக்குச் சொல்கிற வாசிப்பு.

டிரம்பெட்காரன் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தான். சடையப்பன் கண்ணைத் திறக்கவில்லை. வினோத்குமார் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு என்ன தோன்றியதோ, ஒரே ஒரு கட்டையை அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டான். ஆனந்தனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குச்சியை எடுத்தான். நடை பிறந்தது.

கூட்டத்தில் வயசானவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். இளசுகள் இதுவும் ஜாஸ்தான் என்று போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

பாஞ்சாலி நடக்க ஆரம்பித்திருந்தாள். மேடையைப் பார்த்து அல்ல. மைதானத்து கேட்டைப் பார்த்து. செங்கேணி, “யக்கா, எங்க போற?” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. ஆனால் நிற்கவில்லை. கேட்டு ஓரத்தில் போய், வாசிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நின்றாள். தெருமுனையில் நிற்கிற பெண்ணுக்கு மேளக்காரர்கள் தெரிய மாட்டார்கள். சத்தம் மட்டும்தான்.

இதோ தெருவைத் தாண்டுகிறார்கள். ரேஷன் கடை. அங்கே கிளாரினெட் கொஞ்சம் உச்சத்துக்குப் போகும், போனது. இப்போது பம்பு செட்டு. வரப்பு குறுகல் என்பதால் நடையைக் கொஞ்சம் பதமாக அடிப்பார்கள். ஆனந்தன் பதமாக அடித்தான். வேறு ஊர்க்காரனுக்கு அந்த வரப்பு எப்படித் தெரியும்? அன்றைக்குத் தோள் கொடுத்து நடந்தவன் காலுக்குத் தெரிந்திருக்கிறது. பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, நெற்றியில் காசு, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. எல்லாம் அசைந்து அசைந்து போயிற்று. போங்க, என்றாள் மனசுக்குள். பாத்துப் போங்க.

முக்கூட்டு ரோடு வந்தது. வாத்தியங்கள் நின்றன.

நிற்கும். அங்கே நிற்கத்தான் வேண்டும். மூன்று ரோடு கூடுகிற இடத்தில் பாடையைக் கீழே இறக்கி, தலை இருந்த பக்கத்துக்குக் காலும், கால் இருந்த பக்கத்துக்குத் தலையும் வரும்படி திருப்பி வைப்பார்கள். வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியக்கூடாது என்று. அந்த நேரத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. திருப்பித் தூக்கிய பிறகு வாசிப்பு மாறும். அங்கிருந்து ஏரிக்கரைக்கு, ஏரிக்கரையிலிருந்து மண்ணுக்கு.

பாஞ்சாலி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கூட்டம் கை தட்டியது.

முதலில் யாரோ ஒருத்தர். அப்புறம் முன்வரிசை. அப்புறம் மைதானம் முழுக்க. விசில்கூட வந்தது. வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பாவம், மனசாரத்தான் தட்டினார்கள். பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். சடையப்பன் நின்றுகொண்டிருந்தார், சாக்சபோன் வாய்க்குப் பாதி வழியில். ஊத எடுத்ததுதான். அதற்குள் வேதாசலம் படியேறிவிட்டார். வயசுக்கு மீறின வேகம். கையில் பொன்னாடை. சடையப்பன் அப்போதும் ஊதியிருக்கலாம். ஆனால் பெரியவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு எதிரில் நிற்கும்போது குனிந்து பழகிய கழுத்து. குனிந்துவிட்டது. துணி தோளிலும் வாத்தியத்தின் மேலுமாக விழுந்தது.

வேதாசலம் மைக்கை வாங்கினார்.

“நம்ம அப்புவ நெனச்சி வாசிச்சாங்க. எங்கம்மாவுக்கும் வாசிச்ச கை அது. போதும்,” என்றார். குரல் ஆடியது. அது பயமா, துக்கமா, இல்லை இரண்டுமா என்று தெரியவில்லை. “நல்ல நாளு. கொழந்தைங்கல்லாம் ஒக்காந்துகீது. அடுத்து நம்ம கன்னியம்மா பாட்டு வரட்டும். வாங்கம்மா.”

செங்கேணி கூட்டம் வளையல் குலுங்க மேடையேறியது. இரண்டு பேர் ஏற, நாலு பேர் இறங்க, படியில் நெரிசல். ஆனந்தன் டிரம்மைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினான். சித்தப்பா மக்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பாஞ்சாலி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தாள். சடையப்பன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடையை எடுக்கக்கூட இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

“எங்கப்பன் சொன்னத மீறிட்டேம்மா,” என்றார். “உனக்காகத்தான் எடுத்தேன். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மாமா.”

“பம்பு செட்டாண்ட கிளாரினெட்டு கொஞ்சம் பிசிறிடிச்சி. மத்தபடி சுத்தமாத்தான் வந்திச்சு.”

“சுத்தமா வந்திச்சு. நான் கூடவே போனேன்.”

சடையப்பன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நாணலைக் கழற்றித் துணியில் சுற்றப் போனார். மேடையில் வட்டம் கட்டி ஆடத் தொடங்கியிருந்தார்கள். பலகை அதிர்ந்தது. பாஞ்சாலி அந்த நாணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைச் சுற்றி, பெட்டியில் வைத்து, மூடியைச் சாத்துகிறவரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு, சண்டைக்காரிபோல இல்லாமல், வழியில் போகிறவர்களிடம் விசாரிக்கிறவள்போலக் கேட்டாள்.

“அவர முக்கூட்டுலயே எறக்கி வச்சிட்டு வந்துட்டியே மாமா, இனி யாரு தூக்கறது?”